மாண்டவர் கல், மீண்டவர் கல்

பென்சில்வேனியாவின் தென்கோடியில், மேரிலாந்து எல்லைக்கு அருகே இருக்கும் கெட்டிஸ்பர்க் 1863இல் 2,400 பேர் அளவில் வாழ்ந்த சிற்றூர். அந்த ஊரின் மூன்று கல்லறைத் தோட்டங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை. முதலாவது, ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளுக்காக 1854இல் அமைத்துக்கொண்ட எவர்கிரீன். அதை ஒட்டியே இருக்கிறது இரண்டாவது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் 1863 ஜூலையின் முதல் மூன்று நாள்களில் இங்கே மோதிய சண்டையில் இறந்த வடதரப்புப் படையினருக்கான தேசியக் கல்லறைத் தோட்டம். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று அதை அர்ப்பணித்த விழாவில்தான் ஆபிரகாம் லிங்கன் தன் புகழ்பெற்ற உரையை இரண்டு மூன்று நிமிடங்களில் பேசி முடித்தார். மூன்றாவதைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போவதில்லை. ஊரின் கறுப்பின மக்கள் ‘சன்ஸ் ஆஃப் குட் வில்’ என்ற தங்கள் சங்கத்தின் வழியாக 1867இல் அமைத்தது அது. பிற்பாடு லிங்கனின் பெயரையே பெற்றது. அமெரிக்கச் சிற்றூர்களில் ‘முன்னாள் படைவீரர் நினைவுச் சின்னம்’ என்று இன்று அழைக்கப்படும் கற்கள் எப்படி உருவாயின, அந்தப் பெயர் அவற்றின்மேல் எப்போது ஏறியது என்ற கதை முழுவதும் நடந்தே சுற்றிவிடக்கூடிய இந்த மூன்று தோட்டங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய சின்னங்களைப் பற்றிப் பொதுவாக இரண்டு பேச்சுகள்தான் காதில் விழுகின்றன. தியாகத்துக்கு ஊர் செலுத்தும் நன்றி என்பது ஒன்று. அரசின் போர்களுக்கு ஊர் சூட்டும் மாலை என்பது மற்றொன்று. இரண்டுமே கல்லை மாறாத ஒரு பொருளாக நினைத்துக்கொண்டு பேசுகின்றன. ஆனால் கல் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. தொடக்கத்தில் அது கேட்டது, ‘போனவர்களில் யார் திரும்பவில்லை?’ என்று. இன்று அது கேட்பது, ‘யார் யார் போனார்கள்?’ என்று. மாண்டவருக்காக நட்ட கல் மீண்டவரின் கல்லாக ஆன இந்த மாற்றத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. உடல்கள் ஊர் வந்து சேர்ந்தனவா, எத்தனை பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற மிகச் சாதாரணக் கணக்குகள் செய்த மாற்றம் அது. ஆனாலும் அதன் விளைவு சாதாரணமானதல்ல. போருக்கு ஓர் ஊர் கொடுத்த விலை என்ன என்பதைக் கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி அதனால் அடைபட்டுவிட்டது.

சண்டை முடிந்த வாரத்தில் கெட்டிஸ்பர்க்கின் நிலைமையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஊரின் மக்கள்தொகையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்குப் பிணங்கள் ஜூலை வெயிலில் வயல்களில் கிடந்தன. எவர்கிரீனின் காவலாளி வடதரப்புப் படையில் சேர்ந்து வெளியூரில் இருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி எலிசபெத் தோர்ன் தன் வயதான தந்தையோடு சேர்ந்து நூறு பேர் அளவில் குழி வெட்டிப் புதைத்தார். மற்றவர்களை அவசரமாக விழுந்த இடத்திலேயே புதைத்திருந்ததால், இலையுதிர் காலத்தில் அவர்களைத் தோண்டி எடுத்துப் புதிய தேசியத் தோட்டத்துக்கு மாற்றும் வேலை ஏலத்துக்கு விடப்பட்டது. ஏற்கப்பட்ட விலை, உடல் ஒன்றுக்கு 1 டாலர் 59 சென்ட். மண்வெட்டி பிடித்தவர்கள் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயியும் அவரோடு சேர்ந்த கறுப்பினத் தொழிலாளிகளும். படையினருக்கு அடையாளத் தகடு கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை. சண்டைக்கு முன்பு சிலர் பெயரைத் தாளில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு பிணத்தின் சட்டைப்பையையும் துழாவி, கடிதமோ பைபிளோ கிடைத்தால் அதிலிருந்து பெயரைப் பொறுக்கினார்கள். தென்தரப்புச் சீருடை தெரிந்தால் மறுபடி மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அந்த 3,000க்கும் மேற்பட்ட தென்னவர்கள் 1871 முதல் 1873 வரை ரிச்மண்ட் முதலிய ஊர்களுக்கு மாற்றப்படும்வரை வயல்களிலேயே கிடந்தார்கள். தேசியத் தோட்டத்தில் அடக்கமான 3,500க்கும் மேற்பட்டவர்களில் 979 பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வைத்த சிறு சலவைக்கற்களில் இருப்பது வெறும் எண்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் சாவு என்பது பெரும்பாலும் பெயரும் உடலும் பிரிந்துபோன சாவு. வடதரப்பின் 3 லட்சத்துக்கும் அதிகமான உடல்கள் போருக்குப்பின் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன; அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பெயர் தெரிந்தது. ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்த ஏறத்தாழ 13,000 பேருக்குப் பெயரோடு கல் நிற்கிறதென்றால், டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளங்கைதி சாவுப் பட்டியலைக் கள்ளத்தனமாகப் படியெடுத்து வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம். காணாமற்போனவர்களைத் தேட கிளாரா பார்ட்டன் நடத்திய அலுவலகத்துக்கு 63,000 கடிதங்கள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் சிற்றூர்களில் இருந்த தாய்மார்களும் மனைவிமார்களும். பதம்செய்து ரயிலேற்றி உடலை வரவழைக்கப் பணமுள்ள குடும்பத்தால் முடிந்தது. மற்றவர்களுக்கு வீட்டருகே புதைக்க எதுவுமில்லை. அதோடு படையைத் திரட்டிய முறையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனி ஒரே வட்டாரத்தில் திரட்டப்பட்டது. ஒரு மோசமான காலைப்பொழுது போதும், ஓர் ஊரின் ஒரு தலைமுறை இளைஞர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிட.

சிற்றூர் நினைவுச் சின்னம் இந்த இடத்தில்தான் பிறந்தது. கனெக்டிகட்டின் கென்சிங்டனில், தேவாலயத்தின் முன், பழுப்பு மணற்கல்லில் ஓர் ஊசித்தூணை ஊரார் நட்டது 1863 ஜூலையில். போர் முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. வெற்றி யாருக்கு என்று தெரியாத நேரத்தில் நட்ட தூணை வெற்றித்தூண் என்று சொல்ல முடியாது. இறந்த தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நட்டார்கள். இடம் காலியாக விட்டிருந்தால் பின்னால் வரும் பெயர்களையும் சேர்க்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தவையும் பெரும்பாலும் ஊர்ச் சந்தியில் நிற்கவில்லை, கல்லறைத் தோட்டங்களில்தான் நின்றன. ஊசித்தூண் என்பதே அன்று கல்லறைக்கு உரிய வடிவம். மார்ட்டின் மில்மோர் ராக்ஸ்பரி ஊருக்காகச் செய்த வெண்கலச் சிலை 1860களின் இறுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கியை நிலத்தில் ஊன்றி, தலை குனிந்து, புதைகுழிகளைப் பார்த்து நிற்கும் ஒரு சாதாரணச் சிப்பாய் அது. குதிரைமேல் தளபதி வீற்றிருக்கும் பழைய மரபிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கவேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவன் நிற்கும் விதம்தான் அந்தச் சிப்பாயுடையது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். துக்கம் உண்மை என்றால், ஏன் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே சிலை? கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த மானுமென்டல் பிரான்ஸ் கம்பெனி 1870களிலிருந்து முதல் உலகப்போர்க் காலம்வரை துத்தநாகச் சிலைகளை வார்த்து, ‘வெள்ளை வெண்கலம்’ என்று கவர்ச்சியாகப் பெயரிட்டு, விலைப்பட்டியல் புத்தகம் அனுப்பி விற்றது. உள்ளே வெற்றிடம், தட்டினால் தகரம்போல் ஒலிக்கும், காலம் போகப்போக நீலச்சாம்பல் நிறம் ஏறும். வெண்கலத்தைவிட மலிவு என்பதால் சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியானது. ஏறத்தாழ அதே சிப்பாய், இடுப்புவாரின் எழுத்திலும் சில்லறை விவரங்களிலும் மட்டும் மாறி, வடக்குக்கும் தெற்குக்கும் போனான். இதைக் காட்டி, இது வியாபாரிகள் கிளப்பிய மோகம், ஊரின் உணர்ச்சி அல்ல என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. அந்தக் கம்பெனியின் பொருளில் சிலை பொதுவானது. பீடத்தில் திருகாணியால் பொருத்தும் தகடுகள் ஊருக்கு ஊர் வேறு. பெயர்கள் இருந்தது தகடுகளில். திருமண அழைப்பிதழில் பிள்ளையார் படம் எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் அதற்காக அழைப்பிதழைப் படிக்காமல் விடுவதில்லை.

சிலையின் முகத்தை ஊர்கள் கவனிக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜார்ஜியாவின் எல்பர்ட்டனில் 1898இல் உள்ளூர்க் கருங்கல்லில் செதுக்கி ஊர்ச் சதுக்கத்தில் வைத்த தென்தரப்புச் சிப்பாய், தொப்பியும் மேலங்கியும் சேர்ந்து பார்ப்பதற்கு வடதரப்புக்காரன் மாதிரியே இருந்தான். ‘டச்சி’ என்று கேலிப்பெயர் வைத்து, 1900இல் ஒரு நாள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, விழுந்த இடத்திலேயே புதைத்தும்விட்டார்கள். 1982இல் தோண்டியெடுத்து, கார் கழுவும் நிலையத்தில் கழுவி, இன்று ஊர்க் கருங்கல் அருங்காட்சியகத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள். கெட்டிஸ்பர்க் வயல்களில் நிஜமான தென்னவர்களுக்கு நேர்ந்ததன் கேலிக்கூத்தான எதிரொலி இது.  ஆனால் கவனிக்கவேண்டியது ஆண்டு. 1898 என்பது துக்கத்தின் காலம் அல்ல. கல்லறைத் தோட்டத்தை விட்டுச் சின்னம் நீதிமன்ற வாசலுக்கும் சதுக்கத்துக்கும் இடம்பெயர்ந்துவிட்ட காலம். தெற்கில் அந்த இடப்பெயர்ச்சிக்குக் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்ட அரசியலோடு நேரடித் தொடர்பு உண்டு. அந்த வகைச் சிலைகளின்மீது இன்று வைக்கப்படும் குற்றச்சாட்டு சரியானதே. ஆனால் அதைக் கல்லறைத் தோட்டத்துத் தூணின்மேலும் ஏற்றுவது, முப்பது ஆண்டு இடைவெளியைப் பார்க்க மறுப்பது.

அந்த முப்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? மீண்டவர்கள் மூப்படைந்தார்கள். வடதரப்பில் பணியாற்றிய 21 லட்சம் பேரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,60,000. அதாவது ஆறு பேரில் ஒருவர். மீதி ஐவர் ஊர் திரும்பி, உழுது, கடை நடத்தி, நோயோடும் நொண்டிக்காலோடும் வாழ்ந்தார்கள். 1866இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்ற அவர்கள் சங்கத்தில் 1890 அளவில் 4 லட்சம் பேர் உறுப்பினர்கள். 1868இல் அதன் தலைவர் ஜான் லோகன் மே 30 அன்று போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பூச் சூட்டும்படி ஆணை அனுப்பினார். பின்னாளின் நினைவு நாள் அதிலிருந்து நிலைபெற்றது. பூச் சூட்டியவர்களும் ஒவ்வொருவராக இறந்தபோது சங்கத்தின் கிளைகள் உள்ளூர்க் கல்லறைத் தோட்டங்களில் மனை வாங்கி, வசதியற்ற தோழர்களை அங்கே புதைத்தன. 1879இல் வந்த சட்டம், ஊர்ப்புறக் கல்லறைத் தோட்டங்களில் கல்லில்லாமல் கிடந்த படைவீரர் கல்லறைகளுக்கும் அரசுச் செலவில் கல் தந்தது. குழிந்த கேடய வடிவத்துக்குள் பெயர், கம்பெனி, ரெஜிமென்ட் பொறித்த அந்த வெள்ளைச் சலவைக்கல்லை இன்றும் அமெரிக்கச் சிற்றூர்கள் எங்கும் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் இறந்த தேதி இல்லை. போர்க்களத்தில் மாண்டவனும் தன் கட்டிலில் முப்பது ஆண்டு கழித்து மாண்டவனும் ஒரே கல்லின் கீழ், ஒரே எழுத்தில். இரண்டு வகைச் சாவும் ஒன்றாகிப்போன முதல் இடம் இந்தக் கேடயம் என்பது என் கருத்து.

தமிழில் எழுதும்போது இந்தக் கலப்பு இன்னும் கூடுகிறது. படையில் சம்பளத்துக்குச் சேர்ந்தவரையும் நாம் ‘வீரர்’ என்றே சொல்கிறோம். ‘சோல்ஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லோ லத்தீன் நாணயம் ஒன்றின் பெயரிலிருந்து, அதாவது கூலியிலிருந்து, வந்தது. வீரம் சொல்லுக்குள்ளேயே குடியிருந்தால், களத்தில் நின்றாரா, நின்று என்ன செய்தார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

இந்த ஒன்றாதலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அதற்குச் சாட்சி கெட்டிஸ்பர்க்கின் மூன்றாவது தோட்டம். வடதரப்பில் 1,79,000 அளவில் கறுப்பினப் படைவீரர்கள் பணியாற்றினார்கள். ஏறத்தாழ 40,000 பேர் இறந்தார்கள். கெட்டிஸ்பர்க் ஊரிலிருந்தும் வட்டாரத்திலிருந்தும் போய் மீண்ட முப்பது பேர் அளவில் லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பேசில் பிக்ஸும் அங்கேதான் இருக்கிறார். அவர் தோண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் தேசியத் தோட்டத்தில். தேசியத் தோட்டம் அந்தப் போர்க்களத்தில் விழுந்தவர்களுக்கானது, கறுப்பினப் படைப்பிரிவுகள் அங்கே போரிடவில்லை, எனவே இதில் பாகுபாடு எதுவுமில்லை என்று வாதிடலாம். 1863க்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் அதே தோட்டம் பிறகு ஸ்பெயினோடு நடந்த போர், இரண்டு உலகப்போர்கள், வியட்நாம் எனப் பிற்காலப் போர்க்காரர்களுக்கு இடம் கொடுத்தது. களத்தில் விழுந்தவர் என்ற விதி தளர்ந்து பணியாற்றியவர் என்ற விதி வந்தபின்னும், உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கறுப்பினத்தவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே உள்ளே வந்தார்கள். விதி தளர்ந்தது, தளர்ந்தது யாருக்காக என்பது வேறு. 1865 மே 1 அன்று சார்ல்ஸ்டனின் குதிரைப் பந்தயத் திடலில், 257 வடதரப்புக் கைதிகளைக் குழிகளிலிருந்து எடுத்து முறையாக அடக்கம் செய்து, பத்தாயிரம் பேர் அளவில் ஊர்வலம் போனவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற கறுப்பின மக்களே. லோகனின் ஆணைக்கு மூன்றாண்டு முந்தைய அந்த நிகழ்ச்சியை நாடு மறந்தது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் ஆவணங்களிலிருந்து எடுத்துச் சொன்ன பிறகே அது பரவலாகத் தெரிய வந்தது. வட கரோலினாவின் ஹெர்ட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் படைவீரர்களுக்கென்று 1910இல் எழுந்த தூண் போன்றவை தெற்கில் மிகச் சில.

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு மாறியது. முதல் உலகப்போருக்குப்பின் உடல் வேண்டுமா என்று குடும்பங்களை அரசே கேட்டது. 46,000 உடல்கள் கடல் தாண்டி வந்தன, 30,000 அளவில் ஐரோப்பாவில் தங்கின. இரண்டாம் உலகப்போருக்குப்பின் 1,71,000 உடல்கள் வந்தன. வராத உடலுக்கு ஈடாகக் கல் நட்ட பழைய தேவை ஊர்களில் குறைந்தது. இப்போது குழியே இருக்கிறது. இறப்பின் விகிதமும் இறங்கியது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய 1 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்களில் இறந்தவர்கள் 4 லட்சத்துக்குச் சற்று மேல், நாற்பதில் ஒருவர். இறந்தவர் பெயரை மட்டும் எழுதினால் பல ஊர்களுக்கு இரண்டோ மூன்றோ வரிதான். எனவே 1942இலிருந்தே ஊர்கள் மரப்பலகைகளில் போன எல்லோருடைய பெயரையும் எழுதின. ஆனால் ஒன்றை மறக்கவில்லை: இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம். போனவர் கணக்கும் வராதவர் கணக்கும் ஒரே பலகையில், ஒன்றை ஒன்று விழுங்காமல் இருந்தன. 1954இல் போர்நிறுத்த நாளான நவம்பர் 11, முன்னாள் படைவீரர் நாள் என்று பெயர் மாறியது. மே மாதம் மாண்டவருக்கு, நவம்பர் மீண்டவருக்கு என்று நாள்காட்டியாவது பிரித்துச் சொன்னது. அண்மைக் காலத்தில் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எழும் மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் சுவர்களில் நட்சத்திரம் காணாமற்போய்விடுவது உண்டு. பெயர் பொறித்த செங்கல்லை விலைக்கு விற்று நிதி திரட்டும் முறை அதற்கு ஒரு காரணம். பணம் கட்டிய குடும்பத்தின் பெயர் தரையில் பதியும்; அந்தப் பெயருக்கு உரியவர் களத்தில் இறந்தாரா, அமைதிக் காலத்தில் கிடங்கில் கணக்கெழுதினாரா என்று செங்கல் சொல்லாது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. போர் கொல்வது போர்க்களத்தில் மட்டுமல்ல என்பது அது. உள்நாட்டுப் போரில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தவர்கள். அதே நோயைச் சுமந்துவந்து ஊரில் பத்தாண்டு கழித்து இறந்தவனை எந்தக் கணக்கில் வைப்பது? வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்து 1982இல் எழுந்த வியட்நாம் சுவருக்குப் பெயர் முன்னாள் படைவீரர் நினைவுச் சின்னம். அதில் இருப்பதோ மாண்டவர், காணாமற்போனவர் பெயர்கள் மட்டும். அந்தப் போரில் தெளித்த நச்சு மருந்தால் பின்னால் இறந்தவர்களுக்கும், மனம் நொந்து தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர்களுக்கும் அந்தச் சுவரில் இடமில்லை. 2004இல் அவர்களுக்காகத் தனியே ஒரு தகடு வைக்கவேண்டியதாயிற்று. முன்னாள் படைவீரர்களில் தற்கொலை செய்துகொள்வோர் இப்போதும் ஆண்டுக்கு 6,000க்கு மேல். இவர்கள் எல்லோரையும் உள்ளே எடுத்துக்கொள்வது ‘பணியாற்றியவர்’ என்ற அகலமான சொல்தானே, அதைக் குறை சொல்வது ஏன்?

குறை சொல்லக் காரணம், அந்தச் சொல் அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டே மறைக்கிறது என்பதுதான். மீண்டுவந்து போரின் நோயால் மாண்டவரும், மீண்டுவந்து தொண்ணூறு வயது வாழ்ந்தவரும் செங்கல்லில் ஒன்று. உண்மையில் அந்த வாதம் வேண்டுவது நட்சத்திரத்தை எடுத்துவிடுவதை அல்ல. இன்னும் அதிகப் பெயர்களுக்கு நட்சத்திரம் தருவதை. எந்த ஊரும் அதைச் செய்யத் தயங்கும். தற்கொலையைக் கல்லில் எழுதக் குடும்பமும் கூசும். அதனால் எல்லோரையும் சமமாக வணங்கிவிடுவது சுலபமாக இருக்கிறது. இந்தச் சமத்துவம் ஒரு பழைய சமமின்மையையும் சேர்த்து மூடுகிறது. 1863இன் ஆள்சேர்ப்புச் சட்டப்படி 300 டாலர் கட்டினால் அந்த அழைப்பிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பணம் ஒரு கூலிக்காரரின் ஓராண்டு வருமானத்துக்குப் பக்கத்தில். கல்லில் பெயர் உள்ளவர்களையும், அந்தக் கல்லுக்கு நன்கொடை தந்தவர்களையும் தனித்தனியே படித்தால்தான் அது தெரியும். எல்லோரும் ஊருக்காக உழைத்தவர்கள் என்று சேர்த்துச் சொல்லும்போது அது தெரியாமற்போகிறது.

உள்நாட்டுப் போரில் வடதரப்பில் பணியாற்றியவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் ஆல்பர்ட் வுல்சன். 1864இல் மினசோட்டாப் பீரங்கிப் படையில் முரசடிக்கும் சிறுவனாகச் சேர்ந்தவர். சண்டை எதையும் பார்த்ததில்லை. அவர் தந்தை அதே போர்க்காலத்தில் பட்ட காயத்தால் இறந்தவர். 1956 ஆகஸ்டில் டுலூத் நகரில், நூறு வயதைத் தாண்டி, வுல்சன் இறந்ததும் ‘கிராண்ட் ஆர்மி’ சங்கம் கலைக்கப்பட்டது. சங்கத்தின் நினைவாக கெட்டிஸ்பர்க்கில், தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில், ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. மில்மோரின் சிப்பாயைப்போல் அது தலைகுனிந்து நிற்கவில்லை. கோட்டு போட்டு, கைத்தடியோடு, நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார் வுல்சன்.